உனக்குப் பதில் சொல்லும் குரல்கள்

ரூபன்,

இதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று பலதரம் முயன்றேன். உன் அழைப்பு வந்தால் அம்மா எங்கிருந்தாலும் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றுவிடுகிறார். நானும் "ஓம், சாப்பிட்டாச்சு, இஞ்ச மழையில்லை" என்று கதையை முடித்துக்கொண்டு போனை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். காலமெல்லாம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற மனிதன் உன் அப்பா. ஒரு விஷயத்தைச் சொல்ல வெளிக்கிட்டால் உலகம் தோன்றியதிலிருந்து தொடங்குவான் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். கேலி செய்துகொண்டே வாசி. ஆனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்கிறார் அம்மா. பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பிள்ளையின் படத்தை அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கலியாணம் நடக்கிற வவுனியா ஒன்றும் தூர தேசமும் இல்லை. நான் செய்த அந்த ரேடியோதான் காரணம்.

உனக்கு வேலை கிடைத்த செய்தியை எங்கள் அக்கராயன் ஊர் முழுக்க நான்தான் கொண்டு திரிந்தேன். விமானங்களுக்கு வானத்தில் வழி சொல்லும் வேலை என்றால், "அப்ப தம்பி பைலட்டோ மாஸ்டர்?" என்று கேட்பார்கள். "பைலட் இல்லை, பைலட்டுக்கும் மேலே" என்று சொல்லிவிட்டு வருவேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? வானத்தில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் விழுந்த ஊர் இது. அதே வானத்தில் போகிறவன் இன்று என் பிள்ளை இறங்கு என்றால் இறங்குகிறான், சுற்று என்றால் சுற்றுகிறான். அதை ஒருதரம் என் காதால் கேட்க வேண்டும் என்று ஆசை வந்தது. நீதான் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், சாதாரண எஃப்எம் ரேடியோவில் பாட்டு நிலையங்கள் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் விமானிகளின் பேச்சு தொடங்குகிறது என்று. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் ஒரு பழைய எஃப்எம் ரேடியோவைத் திறந்து, உள்ளே இருக்கும் குட்டிச் செப்புச் சுருளை ஊசியால் மெல்ல விரித்தேன். சுருள் விரிந்தால் ரேடியோ பிடிக்கும் இடம் மேலே ஏறும். பாட்டு நிலையங்கள் ஒவ்வொன்றாக நழுவிப் போய், கடைசியில் ஒன்றுமே இல்லாத ஓரிடம் வந்தது. அதற்குள் யாரோ வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் ஒரு முனகல் கேட்டது. உனக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, பிளேன்காரர் அந்த முறையில கதைக்கிறேல்லை. பழைய மத்திய அலை ரேடியோ மாதிரித்தான் இன்னும் கதைக்கினம். அதுக்கு வேற மாதிரிச் செய்யவேணும்" என்றாய். பிறகு புதிதாகத் தொடங்கினேன். பேனாவில் சுற்றி எடுத்த ஒரு சுருள், ஒரு டிரான்சிஸ்டர், வேப்பமரத்தில் கட்டிய செப்புக் கம்பி, சத்தத்தைப் பெருக்க அந்தப் பழைய ரேடியோவின் மிச்சம். ஈயம் பற்றவைக்கும்போது கை நடுங்குகிறது இப்போது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேரப்பா, உந்த ரேடியோவை விட்டுட்டு வேலியைக் கட்டுங்கோவன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அது வேலை செய்யத் தொடங்கிய பகலை மறக்க முடியாது. இந்த வகை ரேடியோவில் ஒன்றும் வராதபோது எண்ணெய்ச் சட்டி பொரிவதுபோல் ஓயாத இரைச்சல் இருக்கும். எங்கோ ஒரு விமானி பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். வீடே அமைதியாகிவிடும். ஒரு மூச்சு நேரம். பிறகுதான் குரல் வரும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு முதுகு கூசும். யாரோ வாசல்வரை வந்துவிட்டு, கூப்பிடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

உன் குரல் மட்டும் கேட்கவில்லை. உயரத்தில் பறக்கிறவன் பேசுவது எங்கள் வேப்பமரம்வரை வந்துவிடுகிறது. கொழும்பில் தரையிலிருந்து பேசுகிற நீ பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்துவிடுகிறாய். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான், ஆனாலும் மனம் ஏற்கவில்லை. 'சரி, திரும்புகிறேன்.' 'சரி, இறங்குகிறேன்.' 'நன்றி, போய் வருகிறேன்.' இப்படிப் பதில்கள் மட்டும்தான் எனக்குக் கேட்டன. கேள்வி கேட்ட உன் குரல் இல்லை. வானம் முழுக்க உனக்குப் பதில் சொல்கிறது என்று நினைத்து, அந்த வெற்று இடங்களில் உன் குரலை நானே வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

நான் செய்திருந்த மின்சுற்றைப் பற்றி விசாரித்துவிட்டு நீ ஒருநாள் ஏசியது நினைவிருக்கும். "அப்பா, உது கேக்கிறது மட்டுமில்லை, தானும் மேல கொஞ்சம் சத்தம் போடும். பிளேனுகளுக்கு இடைஞ்சல். உடன நிப்பாட்டுங்கோ." உடனேயே நிறுத்தினேன். இங்கிருந்து ஒன்றும் கம்பி வழியே வெளியே போகாதபடி இன்னொரு டிரான்சிஸ்டரை இடையில் மறிப்பாக வைத்து, நீ சரி சொன்ன பிறகுதான் திரும்பப் போட்டேன். ஆனால் அன்று நீ பேசியதைப் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவும் கேட்டுவிட்டார். "அப்ப இஞ்சத்தைச் சத்தம் மேல போகுமோ?" என்றார். "கொஞ்சம் போனதாம். இப்ப மறிச்சாச்சு" என்றேன். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இனி உன் அண்ணனைப் பற்றி எழுதவேண்டும். முள்ளிவாய்க்காலில் செல்லடி கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு காலையில் தண்ணீர் அள்ளக் கானைத் தூக்கிக்கொண்டு போனவன் சுதன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கிணற்றடியில் அவனைக் கண்டவர்களும் இல்லை, விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களும் இல்லை. அந்தியேட்டிக் கிரியை செய்ய அம்மா விடவில்லை, அது செத்தவர்களுக்கு என்றார். அன்றிலிருந்து அவனோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார். "சுதன், மழை வரப்போகுது, நனையாத." பிறகு கொஞ்சம் நிறுத்துவார், அவன் பதில் சொல்லும் அளவு நேரம். பிறகு "ம்ம்" என்பார். நீயும் நானும் அந்த இடைவெளிகளைக் கேளாதவர்கள்போல் நடந்து பழகிவிட்டோம். பாதிக் கதை கேட்கிற வீட்டுக்குள் இன்னொரு பாதிக் கதையைக் கொண்டுவந்து வைக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்னொன்றையும் அம்மா மறக்கவில்லை. பதுங்குகுழிக்குள் நீ நடுங்கினால், சுதன் வாசல் பக்கமாகத் தலையை நீட்டி வானத்தைப் பார்த்து "போ!" என்று அதட்டுவான். கிபிர் குண்டு விமானம் போய்விடும். எப்படியும் போகிறதுதானே, விமானம் நின்றுகொண்டா இருக்கும்? ஆனால் நீ நம்பினாய், அண்ணா சொன்னால் பிளேன் கேட்கும் என்று. வேலைக்கான நேர்முகத்தில் உன்னிடம் ஏன் இந்தத் தொழில் என்று கேட்டிருப்பார்கள். நீ என்ன சொன்னாயோ தெரியாது. எனக்குத் தெரிந்த காரணம் அந்தப் "போ!" தான்.

ஒரு மத்தியானம் அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் ரேடியோவுக்கு முன்னால் இருந்தேன். "சுதன், இன்னும் எங்கயடா நிக்கிறாய்?" என்று வழமைபோல் கேட்டார். இரைச்சல் அடங்கியது. ஒரு மூச்சு. பிறகு ஓர் இளம் ஆணின் குரல் தான் இருக்கிற உயரத்தை ஆங்கிலத்தில் சொல்லி, இறங்கத் தொடங்குவதாகச் சொன்னது. திருவலைச் சத்தம் நின்றது. அம்மா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னவாம்?"

நான் யோசிக்கவில்லை. "மேல நிக்கிறானாம். இப்ப இறங்கத் தொடங்கிறானாம்."

அம்மா கொஞ்ச நேரம் ரேடியோவைப் பார்த்தார். "இந்த வெயிலுக்குள்ளயோ" என்றார். திரும்பிப் போய் மிச்சத் தேங்காயைத் திருவினார். அன்று சோறு போட்டபோது ஒரு தட்டு கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு கதிரையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கேட்பார், காத்திருப்பார், எப்போதோ ஒரு பதில் வரும், "என்னவாம்?" என்பார். "மேல காத்து பலமாம்." "சரியாம், திரும்பிறானாம்." ஒரு பொய்யும் சொல்லவில்லை, ரூபன். வந்ததை வந்தபடி தமிழில் சொன்னேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. இத்தனை காலமாகச் சோறு கறிக்கு மேல் என்னோடு பேசாத மனிசி பக்கத்தில் வந்து இருந்து, சிரித்த முகத்தோடு கேள்வி கேட்கிறார். எந்தப் புருஷன் எழும்பிப் போவான்?

பிறகு வெள்ளைத் துணி தொடங்கியது. சண்டை நடந்த காலத்தில், வண்டு என்று நாங்கள் சொன்ன அந்த வேவு விமானம் ரீங்காரமிடத் தொடங்கினால், பெண்கள் முதலில் ஓடுவது கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை எடுக்கத்தான். தகரக் கூரைக்கு மேல் ஓலை போட்டோம். உன் பள்ளிக்கூடச் சட்டையை அம்மா தேயிலைச் சாயத்தில் தோய்த்து மங்கலாக்கினார். மேலே இருக்கிறவனுக்கு நாங்கள் தெரியக்கூடாது, அந்த நாட்களில் எங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் வேலை. இப்போது அதையே தலைகீழாகச் செய்கிறார். அறுவடை முடிந்த வயலில் என் வேட்டிகளை விரித்து, நான்கு மூலைக்கும் செங்கல் வைக்கிறார். காயப் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டால் துணி காய்ந்த துணி. "ஏன் இதில விரிக்கிறீர்?" என்று கேட்டேன். "அவனுக்கு வீடு தெரியவேணுமே. அவன் போகேக்க இந்த வீடு இல்லையே" என்றார். அது சரிதான். திரும்பி வந்த பிறகு கட்டிய வீடு இது, சுதன் இதைக் கண்டதே இல்லை. உச்சி வெயிலில், ஒரு சனமும் இல்லாத வயலில், அந்த வெள்ளைத் துணிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைக் கண்டால், ஓடிப்போய் வாரி எடுத்து மறைக்க இன்றைக்கும் என் கால் தானாகப் புறப்படுகிறது.

போன கிழமை நீ எனக்கு அனுப்பிய பட்டு வேட்டி, தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கு அன்று நான் கட்டவேண்டியது, வயலில் கிடந்தது. சரிகைக் கரை வெயிலில் மின்னியது. "இது நல்லாத் தெரியும்" என்றார் அம்மா. அப்போதுதான் சொன்னார்: "நான் கலியாணத்துக்கு வரேல்லையப்பா. நீங்கள் போயிட்டு வாங்கோ. எல்லாரும் வெளிக்கிட்டால், அவன் வந்து பூட்டின வீட்டையோ பாக்கிறது?"

அன்றைக்கு நேராகவே சொன்னேன். "இஞ்சேரும், அது சுதன் இல்லை. அதெல்லாம் ரூபனுக்குச் சொல்லுற பதில். ரூபன் கேக்கிறான், பிளேன்காரர் பதில் சொல்லுகினம். ரூபன்ர குரல் எங்களுக்குக் கேக்காது, அவ்வளவுதான்." அழுவார், அல்லது என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதோ? சின்னவன் கேக்கிறான், பெரியவன் சொல்லுறான். நான் கேக்கிறதைத்தானே சின்னவன் அவனிட்டக் கேட்டுச் சொல்லுறான். எத்தினை பேரைப் பத்திரமா இறக்கிறான் என்ர பிள்ளை. தமையனை இறக்கமாட்டானோ?"

நீ கொழும்பில் குளிரூட்டிய அறையில் திரைக்கு முன்னால் இருக்கிறாய். இங்கே உன் அம்மா, நீ உன் அண்ணனைத் தரையிறக்குவாய் என்று துணி விரித்து வைத்துக்கொண்டு இருக்கிறார்.

அடுத்த நாள் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குளத்தடிப் பக்கம் போய்விட்டேன். கோழைத்தனம்தான். பின்னேரம் திரும்பி வரும்போது வேலிப் படலையிலேயே ஒரு சத்தம் கேட்டது. டிர்ர்ர் என்று, விட்டு விட்டு. எங்கேயோ பழகிய சத்தம். உள்ளே போனால், அம்மா என் பழைய சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, குந்தியிருந்து ஒரு கையால் மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தார். டைனமோவிலிருந்து வயர் ரேடியோவுக்குப் போயிருந்தது. பேட்டரி கண்ணிலும் காணாத சண்டைக் காலத்தில் இப்படித்தான் செய்தி கேட்டோம். சுற்றுவது சுதனின் வேலை, அவனுக்குக் கை வலிக்கும்போது 'நான் சுத்தட்டே' என்று நச்சரிப்பது உன் வேலை. ரேடியோவின் இரைச்சல் அம்மாவின் கையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். மின்சாரத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் விட இடையில் வைக்கவேண்டிய சின்ன டயோடுகூடச் சரியான பக்கம் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. மாறிக் கட்டினால் ரேடியோ எரிந்துபோயிருக்கும்.

"ஆர் காட்டித் தந்தது?" என்றேன்.

"அவன்தான்" என்றார், மிதியை விடாமல்.

அப்போது காட்டியதைச் சொல்கிறாரா, இப்போதா என்று நான் கேட்கவில்லை. பேட்டரியை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை யாருக்கும் சொல்லவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலை. நான் தனியே இருந்தேன். இரைச்சல் அடங்கியது. குரல் வரவில்லை. வழமையான அந்த மூச்சு நேரம் போனது, அதற்குப் பிறகும் வரவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு யாரோ பேசாமல் இருக்கிறான். வேப்பமரத்தில் ஒரு காகம்கூடக் கத்தவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "சுதன்?" என்றேன். உடனே இரைச்சல் திரும்பி வந்துவிட்டது. விமானியின் விரல் தவறிப் பட்டிருக்கும், அடிக்கடி நடக்கிறதுதான் அப்பா என்பாய். எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டும் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. பிறகு எழும்பி வெளியே வந்தபோது, வயலில் ஒரு வேட்டியின் மூலை காற்றில் மடிந்து கிடந்தது. போய் அதை நேராக்கி, செங்கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.

ஒரு கெட்ட யோசனையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிழை வராமல் இருக்க, நீ சொன்னதை விமானி திருப்பிச் சொல்லவேண்டும் என்பது உங்கள் தொழில் முறை என்று சொல்லியிருக்கிறாய். அப்படியென்றால் நீ ஒரு சொல்லைக் கூட்டிச் சொன்னால் அதுவும் வானத்திலிருந்து திரும்பி வரும், அம்மாவுக்குக் கேட்கும், நான் தமிழில் சொல்லலாம். 'கலியாணத்துக்குப் போங்கோ' என்று. சீ என்று விட்டுவிட்டேன். உன் ஒவ்வொரு சொல்லையும் நம்பித்தான் மேலே அத்தனை உயிர்கள் இருக்கின்றன. அதோடு, சுதனுக்காக இன்னொருவனைப் பேச வைத்துத்தானே இவ்வளவும் வந்தது.

குடும்பம் நடத்தப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் விட்டால் நான் உன் அப்பா இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உன் மனைவி குசினியிலிருந்து ஏதாவது கேட்டால், கேட்ட சொல்லுக்கு மட்டும் பதில் சொல்லாதே. எழும்பிப் போய் முகத்தைப் பார். 'என்னவாம்' என்ற கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னேன். சரியான பதில் சொல்லிச் சொல்லியே அவரை வயலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். தேங்காய்ப்பூக் கையோடு வந்து நின்ற அந்த மத்தியானம், 'நீர் ஆரைக் கேக்கிறீர்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைக் கேட்டால் சுதனைப் பற்றிக் கதைக்க வேண்டி வரும். எனக்குப் பயம், ரூபன்.

ரேடியோவை உடைத்துவிடலாமா என்றும் யோசித்தேன். உடைத்தால் அவர் கேட்பதை நிறுத்தமாட்டார், பதில் வராத வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே நீ வா. பொன்னுருக்குக்கு முன்னமே லீவு எடுத்துக்கொண்டு வா. பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கு, குளக்கட்டால் நடந்து வா, பகலில் வா. ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருக்கும், நான் நிறுத்தி வைக்கமாட்டேன். அம்மா "எங்கயடா நிக்கிறாய்?" என்று கேட்பார். எப்படியும் கேட்பார். நீ படலையடியில் நின்று சொல்லு, "இஞ்ச நிக்கிறன் அம்மா" என்று.

ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன், அந்த நேரம் திகைத்துப் போகாதே. உன் குரல் அண்ணாவின் குரலாகிவிட்டது. உனக்குத் தெரிந்திருக்காது, அவன் போகும்போது நீ சின்னப் பிள்ளை. தொலைபேசியில் நீ "அப்பா" என்றால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடுகிறது. உன் அழைப்பு வந்தால் அம்மா ஏன் அப்படி ஓடி வருகிறார் என்று நினைக்கிறாய்? நீ படலையில் நின்று கூப்பிட்டாலும் அப்படித்தான் ஓடி வருவார். எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியாது. சுதன் என்று கூப்பிட்டால் பதில் சொல்லாதே, மகன். பாவம் என்று நினைத்து "ஓம்" என்று மட்டும் சொல்லிவிடாதே, அந்த வேலையைத்தான் இவ்வளவு நாளும் நான் செய்தேன். முகம் வெயிலில் தெரிகிற மாதிரி அப்படியே நில். அவர் உன்னைப் பார்ப்பார். பார்த்து முடிக்க நேரம் எடுக்கும். உன் பெயர் வரும்வரை நில்.

அப்பா